வடசென்னையிலிருந்து லடாக்: முதல் முறை போகிறவர்களுக்கு

கோடை வந்தால் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து யாராவது லடாக் பற்றிக் கேட்டு வருகிறார்கள். கையில் ஒரு பட்டியல் இருக்கும். லே, நுப்ரா, பாங்காங் ஏரி, கர்துங் லா கணவாய், எல்லாம் ஆறே நாளில். அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்பு அந்த உயரத்துக்குப் பழக நாள் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஊரில் மூன்று நான்கு நாள் இருந்தால்தான் அங்குள்ளவர்கள் நம்மோடு பேச ஆரம்பிப்பார்கள். உடம்புக்காக எப்படியும் ஓய்வு எடுக்கத்தான் போகிறோம். அந்த நாட்களை ஒரு கிராமத்து வீட்டில் கழிப்பது போலத் திட்டம் போட்டால் இரண்டு காரியமும் சேர்ந்தே நடக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் திட்டத்தைப் பற்றித்தான்.

எந்த மாதம், எத்தனை நாள்

நம் பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு என்பதால் பலர் மே மாதத்திலேயே கிளம்பப் பார்க்கிறார்கள். அப்போது மணாலி சாலை பெரும்பாலும் முழுதாகத் திறந்திருக்காது, இரவில் குளிரும் கடுமை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் ஆப்ரிகாட் பழுக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து பார்லி அறுவடை. என்னைக் கேட்டால் செப்டம்பரைத்தான் சொல்வேன். கூட்டம் குறைந்திருக்கும், ஊர் முழுக்க வயலில் இருக்கும், காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு ஒட்டிப் போகவும் வசதி.

லே நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகமாகப் பெய்து பார்த்திருக்கிறோம். ஆனாலும் மழையை அங்கே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையில் பிடித்து நிறுத்த மரம் இல்லை, மண் அப்படியே இறங்கிவிடும். 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு வெள்ளம் லேயையும் சுற்றுக் கிராமங்களையும் அடித்துப் போட்டது. காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் சரி.

ரயிலில் போய்வரும் நாட்களையும் சேர்த்து பதினைந்து, பதினாறு நாள் ஒதுக்குங்கள். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் ரயிலை விட்டு விமானத்தில் போகலாம். லடாக்குக்குள் இருக்கும் நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

போகும் வழி

சென்ட்ரலிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தினமும் உண்டு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும், திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். டெல்லியிலிருந்து லேக்கு மூன்று வழி.

விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். வசதிதான். ஆனால் டெல்லியின் 200 மீட்டர் சொச்சத்திலிருந்து ஒரே தாவில் 3,500 மீட்டருக்குப் போகிறோம். உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி.

இரண்டாவது, மணாலி வழி. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயின் தொல்லை குறைந்தது. கோடையில் ஹிமாசல் அரசுப் பேருந்து டெல்லியிலிருந்து லே வரைக்கும் ஓடுகிறது. இந்த வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. பலர் இரவு சர்ச்சுவில் தங்குகிறார்கள். அது 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம். கீழிருந்து வந்த முதல் நாளே அங்கே படுத்தால் தலைவலியும் வாந்தியுமாக விடியும். இந்த வழிதான் வேண்டுமென்றால் சுமார் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது, ஸ்ரீநகர் வழி. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 2025 ஜூனில் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் வந்துவிட்டது. செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர். அங்கே ஓரிரவு தங்கி, சோனாமர்க், ஜோஜி லா கணவாய் தாண்டி, கார்கிலில் ஒன்றிரண்டு இரவு. கார்கில் 2,700 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பிறகுதான் லே. படிப்படியாக ஏறுவதால் உடம்புக்கு அவகாசம் கிடைக்கும். காஷ்மீர் நிலைமையையும் சாலை நிலைமையையும் கிளம்பும் வாரத்தில் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பதற்றம் இருந்தால் விமானத்துக்கு மாறிவிடலாம்.

இந்தச் சாலையில் ட்ராஸ் வரும். 1999 கார்கில் போரின் நினைவிடம் டோலோலிங் மலைக்கு நேர் கீழே இருக்கிறது. படாலிக் பகுதியில் உயிர் நீத்த திருச்சியின் மேஜர் சரவணன் உட்பட, அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் அங்கே உண்டு. வண்டிக்காரர் அவசரப்படுத்தினாலும் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

உடம்பு

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

லேயில் நாம் ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கும் ஆக்ஸிஜன் காசிமேட்டில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தினமும் உடற்பயிற்சி செய்கிற இளைஞனையும் இது விடாது. சொல்லப் போனால் அவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் முதல் நாளே மாடிப்படிகளில் ஓடிக் காட்டுகிறார்கள். தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கம் வராமை, அசதி. இவை வந்தால் மலைநோய் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயணக் களைப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தள்ளிவிடக் கூடாது.

விமானத்தில் போனால் இரண்டு முழு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் மெதுவாகக் கடைத்தெரு வரை நடக்கலாம், அவ்வளவுதான். 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரு நாள் இருங்கள். பகலில் உயரமான கணவாயைக் கடந்து போய்க் கீழே வந்து தூங்குவதில் அவ்வளவு சிக்கல் இல்லை. தூங்கும் உயரம்தான் முக்கியம். தலைவலி இருக்கும்போது மேலே ஏறவே கூடாது. ஒரே இடத்தில் இருந்தும் நோய் கூடினால் இறங்க வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும்.

இரண்டு அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமல் விடாமல் வருவதும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. மூளையில் வீக்கம். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் காத்திருக்க நேரமில்லை. இரண்டுமே உயிரை எடுக்கும். லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனை இருக்கிறது. மலைநோய் அவர்களுக்கு அன்றாட வேலை, தயங்காமல் போங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் அது 90-க்குக் கீழே காட்டினால் உடனே பதறாதீர்கள், அந்த உயரத்தில் அது நடக்கக்கூடியதுதான். எண்ணோடு சேர்த்து ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

டயமாக்ஸ் என்று கடையில் கிடைக்கும் அசிடசோலமைட் மாத்திரை உதவும். ஆனால் நண்பன் சொன்னான் என்று விழுங்கக் கூடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே உங்கள் டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள், அளவை அவர் சொல்லட்டும். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் டிக்கெட்டே எடுக்காதீர்கள். இன்சுலின் எடுத்துப் போகிறவர்கள் இரவில் அது உறைந்துவிடாதபடி உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மது, சிகரெட், தூக்க மாத்திரை முதல் சில நாட்கள் வேண்டாம். காற்று அவ்வளவு வறட்சி, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

பை, போன், பணம்

துணியில் பெரிய செலவு வேண்டாம். ஒரே தடிமனான ஜெர்க்கினைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல். உள்ளே ஒரு முழுக்கை பனியன், நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜெர்க்கின். முதல் இரண்டும் எம்.சி. ரோட்டிலேயே கிடைத்துவிடும். வெளியே போடுவதை லேயில் வாடகைக்கும் எடுக்கலாம். குரங்குக் குல்லா, கையுறை, மூன்று ஜோடி காலுறை, குளிர்கண்ணாடி, சன்ஸ்கிரீன். உதடும் மூக்கும் வெடிக்கும், வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்துவிடும்.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். குழுவில் ஒருவராவது கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். கிராமங்களில் அதுவும் எடுக்காத இடங்கள் நிறைய. அதனால் வீட்டில் உள்ளவர்களிடம் இரண்டு நாள் போன் வராமல் போகலாம், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாக்கள் தூங்காமல் இருப்பார்கள்.

லேயையும் கார்கிலையும் விட்டால் ஏடிஎம் அரிது. ரொக்கம் தேவை. எல்லைப் பகுதிகளுக்குப் போக ஆன்லைனில் பதிவு செய்து சுற்றுச்சூழல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். விதிகள் அடிக்கடி மாறுவதால் லேயில் தங்கும் இடத்தில் கேட்டே செய்யுங்கள், ஆதார் நகல் நாலைந்து கையில் இருக்கட்டும். டாக்ஸிக் கட்டணம் அங்கே சங்கம் நிர்ணயித்தது, அச்சிட்ட பட்டியல் உண்டு. பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல் ஷேர் டாக்ஸிக்கு ஆள் சேருங்கள்.

முதலில் எங்கே தங்குவது

பெரும்பாலானவர்கள் லேயில் இரண்டு நாள் ஹோட்டலில் படுத்துவிட்டு மூன்றாம் நாள் கர்துங் லாவுக்கு ஓடுகிறார்கள். அதைவிட நல்ல வழி ஷாம் பகுதி. லேக்கு மேற்கே சிந்து நதியை ஒட்டிக் கீழே இறங்கினால் வரும் கிராமங்கள் அவை. சஸ்போல், ஆல்ச்சி, தெமிஸ்காம். இவை லேயைவிடத் தாழ்வு, மூச்சு சுலபம், ஆப்ரிகாட் மரங்கள் நிறைந்த ஊர்கள். ஸ்ரீநகர் வழியாக வருகிறவர்கள் லேக்குப் போகும் முன்பே இங்கே இறங்கிவிடலாம், சாலை இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. ஆல்ச்சியின் பௌத்த மடத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய சுவரோவியங்கள் உண்டு. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஏதாவது ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று இரவு ஒரே வீட்டில் தங்குங்கள். ஹோம்ஸ்டே என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று இரவு, காலைச் சாப்பாட்டோடு சேர்த்து வாங்குவார்கள். சில கிராமங்களில் விருந்தாளிகளை முறை வைத்து வீடு வீடாகப் பிரித்து அனுப்புவது வழக்கம். அந்த வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எல்லா வீட்டுக்கும் வருமானம் போகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய ஊர்களில் இது தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பனிச்சிறுத்தை ஆட்டை அடித்தால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம். விருந்தாளிகளால் வரும் பணம் அதை ஈடுகட்டும்போது சிறுத்தையின் மேல் கோபம் குறைகிறது.

வீட்டுக்குள்

லடாக்கி வீட்டில் எல்லாம் நடப்பது சமையலறையில்தான். நடுவில் அடுப்பு, சுவர் முழுக்க அலமாரியில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள், தரையில் விரிப்பு, முன்னால் குட்டை மேசை. உங்களுக்குத் தனி அறை கொடுத்திருந்தாலும் அங்கேயே அடைந்து கிடக்காதீர்கள். சமையலறையில் உட்காரலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். உட்காரும் வரிசைக்கு ஒரு முறை உண்டு, வயதும் மரியாதையும் பார்த்து. அதனால் அவர்கள் கை காட்டும் வரை நின்று, காட்டிய இடத்தில் உட்காருங்கள். குட்டை மேசையைத் தாண்டி நடக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். காலை யார் பக்கமும் நீட்டாதீர்கள். அடுப்பில் குப்பை, டிஷ்யூ பேப்பர் எதையும் போடாதீர்கள். அடுப்புக்கு ஒரு தெய்வம் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை.

குர்குர் சாய் என்ற வெண்ணெய்த் தேநீர் வரும். உப்புப் போட்டது. முதல் வாய் நமக்கு விநோதமாகத்தான் இருக்கும். அதை டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துப்போகும். ஒரு வாய் குடித்தவுடன் கோப்பையைத் திரும்ப நிரப்பிவிடுவார்கள். போதும் என்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, எழுந்து கிளம்பும்போது குடித்து முடியுங்கள். எதைக் கொடுத்தாலும் முதல் தடவையே வாங்கிக்கொள்வது அங்கே அவ்வளவு நாகரிகம் இல்லை. இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் முறை வாங்குவார்கள். நீங்கள் அவர்களுக்கு ஏதாவது கொடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஒரு முறை மறுத்தார்கள் என்று பையில் திரும்ப வைத்துவிடாதீர்கள், மறுபடி நீட்டுங்கள்.

துக்பா என்ற நூடுல்ஸ் சூப், ஸ்க்யூ என்ற கெட்டியான மாவுக் குழம்பு, கம்பீர் ரொட்டி, வறுத்த பார்லி மாவு. சாப்பாடு எளிமையானது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வந்தவுடனே சொல்லிவிடுங்கள், தயங்கித் தயங்கிக் கடைசியில் தட்டை ஒதுக்குவதுதான் சமைத்தவருக்கு வருத்தம்.

கழிவறை பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இதில்தான் சங்கடப்படுகிறார்கள். பல வீடுகளில் உலர் கழிவறைதான். மேல் மாடியில் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வாரி. முடித்தவுடன் இரண்டு வாரி மண்ணோ சாம்பலோ தள்ள வேண்டும். கீழே அது உரமாகி வசந்த காலத்தில் வயலுக்குப் போகும். அதில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் உரமும் கெடும், நாற்றமும் எடுக்கும். கழுவிக்கொள்ள ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் போதும். அதை எங்கே செய்வது என்று வீட்டுப் பெண்மணியிடம் கேளுங்கள், வேறு இடம் காட்டுவார். நாப்கின், ஈரத் துடைப்பான், பிளாஸ்டிக் எதையும் அதில் போடாமல் பையில் கட்டி லேவரைக்கும் திரும்பக் கொண்டுவாருங்கள். குளியல் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது

ஜூலே. வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறுவதற்கும் அதுவே. எதிரில் வரும் எல்லோருக்கும் சொல்லுங்கள். பெயரோடும் உறவுமுறையோடும் லே சேர்த்தால் மரியாதை. அம்மா வயதுப் பெண்ணை ஆமா-லே, அப்பா வயதுக்காரரை ஆபா-லே, அண்ணன் வயதில் ஆச்சோ-லே, அக்கா வயதில் ஆச்சே-லே, தாத்தாவை மேமே-லே, பாட்டியை ஆபி-லே. முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டே பழகிய நமக்கு இது ஒரு நாளில் வந்துவிடும்.

இந்தி சரளமாக வராது என்று பலர் வாயைத் திறப்பதே இல்லை. கூச்சமே வேண்டாம். லடாக்கிகளுக்கும் இந்தி வீட்டு மொழி இல்லை, பள்ளியிலும் பட்டாளத்திலும் கடைத்தெருவிலும் கற்றுக்கொண்டதுதான். சவுகார்பேட்டையில் காது பழகிய இந்தியே தாராளம். வயதானவர்களுக்கு அதுவும் தெரியாமல் இருக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைகள் உதவுவார்கள்.

என்ன பேசுவது என்றால், தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். மழையே இல்லாத ஊரில் பார்லி எப்படி விளைகிறது? மேலே பனி உருகி வரும் ஓடையிலிருந்து யூரா என்ற வாய்க்கால்களை வெட்டி வயல் வயலாகக் கொண்டுபோகிறார்கள். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்து மடை திறக்கவும் அடைக்கவும் ஊரே ஒருவரை நியமிக்கும். அவருக்கு சுர்போன் என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கும் நேரத்தில் பனி சரியாக உருகாது, அப்போதுதான் நெருக்கடி. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, முறை தவறாமல் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் நம் தெருவில் எப்போதும் இருப்பாரே, சுர்போனின் வேலை ஏறக்குறைய அதுதான். இதைச் சொல்லுங்கள், அவர்களும் தங்கள் ஊர்த் தகராறுகளைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். செவாங் நோர்பெல் என்ற லடாக்கிப் பொறியாளர் குளிர்காலத்து ஓடை நீரைத் தடுத்து உறைய வைத்துச் செயற்கைப் பனிப்பாறைகள் கட்டினார், வசந்தத்தில் விதைப்புக்கு அது உருகி உதவும் என்று. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் தொடங்கியது என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்கும் கேட்க ஆவல் வரும். அந்த யூராவில் மட்டும் சோப்புப் போட்டுத் துணி துவைக்காதீர்கள், பாத்திரம் கழுவாதீர்கள். கீழ் வீட்டில் அதையே குடிக்கவும் எடுப்பார்கள்.

கடலைப் பற்றியும் கேட்பார்கள். காசிமேடு துறைமுகம், விசைப்படகு, ஏலம், அலை அடிக்கும் நாட்கள் என்று போனில் நாலைந்து படம், ஒரு சின்ன வீடியோ வைத்திருங்கள். மீனவர் குடும்பத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பௌத்தர்கள் பலர் மீன் சாப்பிடுவதில்லை. ஒரு பெரிய விலங்கைக் கொன்றால் பல பேர் பல நாள் சாப்பிடலாம், சின்ன உயிர்களை ஏராளமாகக் கொல்வது அதிகப் பாவம் என்பது அவர்கள் எண்ணம். தொழிலை மறைக்க வேண்டியதில்லை. கடலில் அறுவடை செய்கிற ஜனம் நாங்கள் என்று சொல்லுங்கள், மரியாதையாகவே கேட்டுக்கொள்வார்கள். கருவாட்டை மட்டும் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள். பொட்டுக்கடலை உருண்டை, முறுக்கு, நேந்திரம் சிப்ஸ், காபித் தூள் நல்லது. வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். தெருவில் குழந்தைகளுக்கு மிட்டாயும் பணமும் கொடுத்துப் பழக்காதீர்கள்.

அறுவடை நாளில் போனால் கையில் அரிவாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரம் குனிந்து வேலை பார்த்தால் அதன் பிறகு உங்களை யாரும் டூரிஸ்ட் என்று பார்ப்பதில்லை. மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

கோம்பாவும் கார்கிலும்

கோம்பா என்றால் பௌத்த மடம். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போதும் வலமாகவே சுற்றுங்கள். வழியில் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வரும், அவற்றையும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். கல்லை நினைவுக்கு என்று எடுக்கக் கூடாது. திக்சே கோம்பாவில் விடியற்காலைப் பிரார்த்தனையில் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம், பேசாமல்.

லடாக் என்றால் பௌத்தம் மட்டும்தான் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். கார்கில் பக்கத்தில் பெரும்பான்மை ஷியா முஸ்லிம்கள். லே நகரத்திலேயே கடைத்தெருவின் தலைமாட்டில் ஜாமியா மசூதி நிற்கிறது. கார்கிலை வெறும் இரவு தங்கும் ஊராக வைக்காமல் ஒரு முழு நாள் கொடுங்கள். அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்குங்கள், அடக்கமாக உடுத்துங்கள், ரமலானில் தெருவில் நின்று சாப்பிடாதீர்கள், முஹர்ரம் நாட்களில் ஊர் துக்கத்தில் இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். பெண்களைப் படம் எடுக்கவே வேண்டாம்.

அதற்கு மேல் போக ஆசை இருந்தால்

ஷாமில் சில நாள், லேயில் ஒரு நாள் என்று உடம்பு பழகிய பிறகு நுப்ரா போகலாம். கர்துங் லாவில் 18,000 அடிக்கு மேல் என்று பலகை சொல்லும், உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது பதினேழாயிரத்து ஐந்நூறு அடிதான். அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். மறுபக்கம் இறங்கினால் திஸ்கித், ஹுண்டர், இன்னும் போனால் துர்துக். 1971 போர் வரை துர்துக் பாகிஸ்தான் வசம் இருந்தது. பால்டி மக்கள் வாழும் ஊர். ஒரே இரவில் நாடு மாறியதில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. நீங்கள் எந்த நாட்டுப் பக்கம் என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. சோ மோரிரி ஏரி 4,500 மீட்டர், அதைக் கடைசி நாட்களுக்கு வையுங்கள், சிறு குழந்தைகளோடு வேண்டாம். அந்தப் பக்கம் சாங்தாங் என்ற பீடபூமியில் பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பாக்கள் இருக்கிறார்கள். கூடாரத்துக்குத் தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள், காவல் நாய்கள் பொல்லாதவை. வானம் பார்க்கப் பிடிக்கும் என்றால் ஹான்லே. நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஹான்லேயிலும் சுமார் 4,500 மீட்டரில் தொலைநோக்கி வைத்திருக்கிறது.

தா, ஹனு கிராமங்களின் ப்ரோக்பா மக்களைப் பற்றித் தூய ஆரியர் என்றெல்லாம் விளம்பரம் செய்து ஆள் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பேச்சை நம்பி, மூக்கையும் கண் நிறத்தையும் பார்க்கும் நோக்கத்தோடு போவதாக இருந்தால் போகாமலே இருக்கலாம். தலையில் பூச்சூடிய பெண்ணைப் பார்த்ததும் கேமராவைத் தூக்காமல், முதலில் ஜூலே சொல்லி, பூவின் பெயரைக் கேளுங்கள். பூ வைத்துப் பழகிய நம் பெண்கள் இந்தப் பேச்சை என்னைவிட நன்றாக நடத்துவார்கள்.

திரும்பும்போது

மேகம் மூடினால் லேயிலிருந்து விமானம் பறக்காது. மண் சரிந்தால் சாலை மூடும். அதனால் டெல்லியிலிருந்து சென்னை ரயிலை, லேயை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இரண்டு நாள் தள்ளிப் பதிவு செய்யுங்கள். உடம்பு நன்றாகப் பழகியிருக்கும் என்பதால் மணாலி வழியாக இறங்க இதுதான் சரியான நேரம். சாலையைத் திறந்து வைத்திருக்கும் எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். வண்டி நிற்கும் இடங்களில் அவர்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள், மிச்சமிருக்கும் பிஸ்கட்டைக் கொடுங்கள்.

தங்கிய வீட்டில் படம் எடுத்திருந்தால், அனுப்புகிறேன் என்று சொல்லியும் இருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் விடாதீர்கள், பாட்டிகளிடம் போன் இருக்காது. அச்சிட்டு அனுப்புங்கள். கிளம்பும் முன் குடும்பத் தலைவர் பெயர், வீட்டுப் பெயர், கிராமம், பின்கோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லடாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் உண்டு, கிராமத்தில் தபால்காரர் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். உறைக்குள் அட்டை வைத்து ஸ்பீடு போஸ்டில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து வந்து சேர்ந்ததா என்று ஒரு போன் பண்ணுங்கள்.